இன்னாரைத் தவிர எல்லோருக்கும்

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர் அஞ்சலட்டைகளைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக நினைவில்லை. வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "சாத்தூர்ல இருந்து ஒங்க தம்பி எழுதியிருக்காரு, சின்னவனுக்கு அம்மை இறங்கிட்டாம், தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சாம்" என்று சொல்லிவிட்டு அட்டையை நீட்டுவார். அம்மா "அப்பாடி" என்று வாங்கி, படிக்காமலே சுவரில் தொங்கும் கம்பியில் குத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். 15 காசு அட்டையில் எழுதுகிறவருக்கும் வழியில் நாலு பேர் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே கடன் கேட்பது, பெண் கேட்பது, மருமகளைக் குறை சொல்வது எல்லாம் அட்டையில் வராது. அந்த இடம் வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கி, "மற்றவை நேரில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், கறுப்பு மை தடவியிருந்தால் சாவு. ஒட்டி அனுப்பிய இன்லண்டு லெட்டர் வந்தால்தான் தெருவுக்குச் சந்தேகம் தட்டும்.

பரீட்சை முடிவு வருகிற நாளை நினைத்துப் பாருங்கள். ஐம்பதைத் தொட்டவர் என்றால் இப்போதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பேப்பரில் பெயர் வராது, மார்க் வராது, பத்தி பத்தியாகப் பதிவு எண்கள் மட்டுமே வரும். இன்று கேட்டால் மிகவும் நாகரிகமான ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் என் எண் எனக்கு மனப்பாடமாவதற்கு முன்பே டீக்கடைக்காரருக்கும் எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கும் மனப்பாடமாகியிருந்தது. பேப்பர் கட்டு பிரிந்ததும் விரலை எச்சில் தொட்டு வரிசையாக இறங்குவார்கள். நடுவில் ஒரு எண்ணைக் காணோம் என்றால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும், உடனே அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்ல ஒரு கூட்டமும், அந்தப் பையன் எந்தப் பக்கம் போகிறான் என்று பின்னாலேயே போய்ப் பார்க்க ஒரு கூட்டமும் கிளம்பும். அக்கா மகளுக்கு முடிவு வந்த நாளில் அவள் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் தட்டி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் போனில் தானே பார்த்துக்கொண்டாள். வெளியே வந்து "பாஸ்" என்றாள். எவ்வளவு என்று கேட்ட என்னை, சம்பளத்தைக் கேட்ட ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

தெருவுக்கு ஒரே தொலைபேசி ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் இருந்தது. அவர் எண்ணைத்தான் நாங்கள் எல்லோரும் எங்கள் எண் என்று ஊருக்குக் கொடுத்து, பக்கத்தில் கௌரவமாக 'பி.பி.' என்று போட்டுக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படியே அச்சாகும். அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பையன் ஓடிவருவான், நாம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவோம், நாம் பேசும்போது அவர்கள் வீட்டார் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தபடி, ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்கள். டிரங்க் கால் என்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்தும் ஒருவர் நடுவில் வந்து மூன்று நிமிஷம் முடிந்ததைச் சொல்வார். எங்கள் அத்தை ஒருத்தி அவரையும் விசாரித்துவிட்டுத்தான் போனை வைப்பாள்.

அந்தப் போனின் வட்டத்தில், எண்ணைச் சுழற்றும் துளை ஒன்றில், சின்னப் பூட்டு ஒன்று தொங்கும். சாவி முதலாளியின் அரைஞாணில். வருகிற அழைப்பை எடுக்கலாம், வெளியே பேச முடியாது. ஆனால் ரிசீவர் உட்காரும் இடத்திலுள்ள குமிழைத் தாளம் தப்பாமல் தட்டினால், நாலுக்கு நாலு தட்டு, பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு, பூட்டு பூட்டியபடியே இருக்க அழைப்பு போய்விடும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் முதலாளியின் சொந்த மகன்தான். பில் வந்த மாதம் முதலாளி பூட்டை மாற்றினார். அடுத்த பில் வந்த மாதம் இன்னும் பெரிய பூட்டாக மாற்றினார்.

தொலைபேசி இலாகா வருஷத்துக்கு வருஷம் ஒரு தடிப் புத்தகம் போட்டதே, அதையும் சொல்ல வேண்டும். ஊரில் போன் வைத்திருப்பவர் அத்தனை பேரின் பெயர், முகவரி, எண் எல்லாம் அகர வரிசையில் இருக்கும். அதில் தன் பெயர் விடுபட்டுவிட்டது என்று மனு எழுதிப் போட்டவர்கள் உண்டு. அதே மூன்று விவரமும் இன்று ஏதாவது ஒரு நிறுவனத்திலிருந்து வெளியே போனால் 'தகவல் கசிவு' என்று தலைப்புச் செய்தி வருகிறது.

இதையெல்லாம் சொல்லும்போது என் குரலில் இனிப்பு ஏறிவிடும். அக்கா பக்கத்தில் இருந்தால் அது இறங்கிவிடும். "ஒனக்கு என்னல, நீ ஆம்பளப் பய. நீ செகண்ட் ஷோ போனத யாராச்சும் வீட்டுல வந்து சொன்னாங்களா? நான் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தங்கிட்ட மணி கேட்டது எனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து சேந்துட்டு" என்பாள். உண்மைதான். அவளுக்கு வரும் கடிதத்தை அப்பா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், அனுப்பியவள் கூடப் படித்த பெண்ணாகவே இருந்தாலும். தபால்காரரின் வாசிப்பும் எதிர் வீட்டுப் பெரியம்மாவின் அக்கறையும் எனக்குக் கதையாகத் தங்கியிருக்கின்றன. அவளுக்கு அப்படி இல்லை. பழைய தெருவைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஏன் ஆண்களாக இருக்கிறார்கள் என்று எனக்குப் புரிவதற்கு நாளாயிற்று.

ஆனால் அவள் சும்மா இருந்தவள் இல்லை. கிளை நூலகத்தில் கோழி வளர்ப்பைப் பற்றி ஒரு புத்தகம் இருந்தது. அதை யாரும் எடுத்ததில்லை, ஊரில் கோழி வளர்த்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அக்காவும் அவள் தோழியும் அந்தப் புத்தகத்தை மாற்றி மாற்றி எடுத்தார்கள். குஞ்சுகளுக்குத் தீவனம் என்ற அத்தியாயத்தில், எழுத்துக்குக் கீழே பென்சிலால் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் இருக்கும். புள்ளி வைத்த எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் செய்தி வந்துவிடும். மெய்யெழுத்து கிடைக்காத இடத்தில் உயிர்மெய்யை வைத்து ஒப்பேற்றுவார்களாம், அதனால் சில நாள் மலையாளம் மாதிரி இருக்குமாம். அக்காவின் திடீர்க் கோழி ஆர்வத்தை அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் புள்ளிகளில் என்னதான் இருந்தது என்று இப்போதும் கேட்டால், "சினிமாக் கதை" என்கிறாள்.

பிறகு நான் சென்னைக்கு வந்தேன். கொஞ்ச காலத்தில் ஆர்க்குட்டும் வந்தது. 2004 ஜனவரியில் கூகுள் தொடங்கிய அது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் நுழைய முடியும் என்று முதலில் இருந்ததால், அழைப்புக் கிடைத்தவனுக்கு நடையே மாறிவிடும். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அந்தப் பையன் (நான்தான், ஆனால் இப்போது அவனைப் பையன் என்றே சொல்லத் தோன்றுகிறது) தன்னைப் பற்றி எழுதியதைப் படிக்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. முன்னுரைக்கு மேல் போகாத ரஷ்ய நாவல்கள் எல்லாம் 'பிடித்த புத்தகங்கள்' பட்டியலில் இருந்தன. பிறந்த தேதி வருஷத்தோடு, செல்போன் எண் பத்து இலக்கமும், தங்கியிருந்த மேன்ஷனின் பெயர், அறை எண் உட்பட. யாருடையதோ ஒரு பைக்கில் சாய்ந்தபடி ஒரு படம். இத்தனையும் உலகம் முழுவதற்கும். உலகத்திலிருந்து யாரும் வரவில்லை என்பதுதான் அவனுடைய கவலையாக இருந்தது.

யார் வந்து பார்த்தார்கள் என்று ஆர்க்குட் காட்டும். அந்தப் பட்டியலைத் திறக்கும்போது இருந்த படபடப்பு எந்த நீல டிக்கிலும் எனக்குத் திரும்பக் கிடைத்ததில்லை. யாரோ ஒருத்தி ஒன்றும் எழுதாமல், ஒன்றும் கேட்காமல், சும்மா வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று நாளைக்கு அது போதும். நீ போய்ப் பார்த்தது பிறருக்குத் தெரியக்கூடாது என்று அதை அணைத்தால், உன்னைப் பார்க்க வந்தவர்களும் உனக்குத் தெரியமாட்டார்கள். இன்று வாட்ஸ்ஆப்பில் 'கடைசியாகப் பார்த்தது' என்ற நேரத்தை மறைக்கிறீர்களே, அதற்கும் அதே ஒப்பந்தம்தான்: நீங்கள் மறைத்தால் மற்றவருடையதும் உங்களுக்குக் கிடையாது. நான் ஆர்க்குட்டில் அதை ஒருநாளும் அணைக்கவில்லை.

அங்கே நண்பர்களுக்கு எழுதும் 'ஸ்கிராப்' எல்லாம் திறந்த சுவர், போகிற வருகிறவர் யாரும் படிக்கலாம். தனியாக ஒன்று சொல்ல வேண்டியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நண்பனைப் பாராட்டி எழுதும் 'டெஸ்டிமோனியல்' என்று ஒன்று இருந்தது. அது பெற்றவர் ஒப்புக்கொண்டால்தான் வெளியே தெரியும். ஆகவே ரகசியத்தை டெஸ்டிமோனியலாக எழுதி, மேலே "தயவுசெய்து அக்செப்ட் பண்ணாதே" என்று போட்டு அனுப்புவார்கள். அவசரத்தில் கை தவறி ஒப்புக்கொண்டவர்களின் காதல்கள் நண்பர் வட்டம் முழுவதும் தெரிந்துபோனதுண்டு. அக்காவிடம் இதைச் சொன்னபோது, அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல், "கோழிப் புஸ்தகம்" என்றாள். 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி ஆர்க்குட்டை மூடினார்கள்.

அதற்கு முன்பே எல்லோரும் ஃபேஸ்புக்கில் குடியேறியாயிற்று. 2009 டிசம்பரில் அது ஒரு நாள் திரையை மறித்துக்கொண்டு, உங்கள் அமைப்புகளைச் சரிபாருங்கள் என்று கேட்டது. அது பரிந்துரைத்தபடியே சம்மதித்தவர்களுக்குப் பல விஷயங்கள் 'எல்லோருக்கும்' என்று திறந்துகொண்டன. மக்கள் இப்போது தாராளமாகப் பகிரப் பழகிவிட்டார்கள், சமூக வழக்கமே மாறிவிட்டது என்று அடுத்த மாதமே மார்க் ஜக்கர்பெர்க் ஒரு மேடையில் சொன்னார். அவரே 2013-இல் பாலோ ஆல்ட்டோவில் தன் வீட்டை ஒட்டியிருந்த நாலு வீடுகளை வாங்கிப் போட்டார், அக்கம்பக்கத்தில் வேறு யாரும் வந்து தொந்தரவாகிவிடக் கூடாது என்று. செய்தியைப் படித்த அன்று எனக்கு எதிர் வீட்டுப் பெரியம்மாவின் ஞாபகம் வந்தது. அந்தப் பெரியம்மாவிடம் வீட்டை விலைக்குக் கேட்டிருந்தால், யார் கேட்டார்கள், எவ்வளவுக்குக் கேட்டார்கள், அதற்குக் கைவசம் பணம் ஏது என்பது வரை சாயங்காலத்துக்குள் இளையரசனேந்தல் ரோடு வரை போயிருக்கும்.

அக்கா ஃபேஸ்புக்குக்கு வந்தது தாமதமாகத்தான். தன் படம் வைக்கவில்லை. செம்பருத்திப் பூ வைத்தாள். அப்படிப் பூவையும் பிள்ளையாரையும் கோலத்தையும் முகமாக வைத்திருந்த பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க முடியாது. ஃபேஸ்புக்குக்கே அது உறைத்து, முகப்புப் படத்தைப் பிறர் எடுத்துக்கொள்ள முடியாதபடி ஒரு காப்பை 2017-இல் முதன்முதலாக இந்தியாவில்தான் கொண்டுவந்தது. 2020-இல் பக்கத்தையே பூட்டிவைக்கும் வசதியும் இங்கே வந்தது. அக்கா இரண்டையும் போட்டுக்கொண்டாள். எல்லோருக்கும், நண்பர்களுக்கு மட்டும், இன்னாரைத் தவிர நண்பர்களுக்கு, இன்ன சிலருக்கு மட்டும், எனக்கு மட்டும் என்று ஒவ்வொரு பதிவுக்கும் அது கேட்கும் கேள்வியில் நானெல்லாம் விழிபிதுங்கி நிற்கும்போது, அவள் கத்திரிக்காய் பொறுக்குகிற வேகத்தில் ஆட்களைப் பிரித்துவிடுவாள். மாமியார் வீட்டு வகையறா ஒரு பட்டியல், ஆபீஸ் ஒரு பட்டியல், கோயில் பஜனை ஒரு பட்டியல். புதுப் புடவை எந்தப் பட்டியலுக்குப் போகும், கொடைக்கானல் எந்தப் பட்டியலுக்குப் போகாது என்பதில் அவளுக்குக் குழப்பமே வந்ததில்லை. குடும்பத்தில் யாருக்கு எந்த அமைப்பு புரியாவிட்டாலும் இப்போது போன் அவளுக்குத்தான் போகிறது. பொறியியல் படித்த நானும் கேட்கிறேன்.

வாட்ஸ்ஆப் வந்த பிறகு வேடிக்கை கூடிவிட்டது. 2014 நவம்பரில் நீல டிக் வந்தது. படித்தும் பதில் போடாதவர் யார் என்று வீட்டுக்கு வீடு விசாரணை நடந்தது. கொஞ்ச நாளில் அதை அணைக்க வழி கொடுத்தார்கள். தனிச் செய்திகளுக்குத்தான், குடும்பக் குழுவில் இன்றும் அணைக்க முடியாது, காலை வணக்கத்தை யார் படித்தார்கள் என்று சித்தப்பா அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எண் தெரிந்தவர் யார் வேண்டுமானாலும் நம்மைக் கேட்காமல் குழுவில் சேர்க்கலாம் என்ற நிலைமைக்கு 2019-இல் ஒரு தாழ்ப்பாள் வந்தது; சத்தமில்லாமல் விலகும் வசதி 2022-இல். ஒரு உறவை முறிக்காமல் அந்த உறவின் பேச்சிலிருந்து மட்டும் எழுந்து போக, முன்பெல்லாம் "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

கொடைக்கானல் என்றேனே, அந்தப் படங்களைச் சித்தப்பா பார்க்காதபடி மறைத்து ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். அவருக்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஆபரேஷன் ஆகியிருந்தது, போய்ப் பார்க்க நேரமில்லை என்று சொல்லியிருந்தேன். அடுத்து வந்த கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டு, "என்னப்பா, கொடைக்கானல்ல குளிரு எப்படி?" என்றார். மறைக்காத பட்டியலில் இருந்த ஒரு மதினி, படத்தை அப்படியே பிடித்து அவருக்கு அனுப்பிவைத்திருந்தாள். தபால்காரர் ஓய்வு பெற்றாலும் அந்த வேலை காலியாக இல்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டவர் கே.எஸ்.புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்குப் போட்ட 2012-இல் அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. தீர்ப்பு வந்த அந்த வாரமும் எங்கள் குடும்பக் குழுவில், "என் படங்களையும் பதிவுகளையும் பயன்படுத்த ஃபேஸ்புக்குக்கு நான் அனுமதி தரவில்லை" என்ற பிரகடனம் சுற்றிக்கொண்டிருந்தது. வருஷங்களாகச் சுற்றும் புரளி அது. ஒட்டினால் ஒன்றும் ஆகாது. அதைத் தன் சுவரில் ஒட்டிய மாமா ஒருவர், எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டியிருந்தார். 2021 ஜனவரியில் வாட்ஸ்ஆப் புது நிபந்தனை நீட்டியபோது குடும்பம் மொத்தமும் கோபித்துக்கொண்டு சிக்னலுக்குக் குடிபோனது. பால் காய்ச்சியாயிற்று, அங்கே சித்தப்பா வராததால் யாருக்கும் பொழுது போகாமல் திரும்பிவந்தோம்.

இந்த அமைப்புகளை எல்லாம் வரிசையாகத் திறந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். அத்தனையும் நமக்குத் தெரிந்த மனிதர்களைப் பற்றித்தான் கேட்கின்றன: மாமியார் பார்க்கலாமா, மேலதிகாரி பார்க்கலாமா, பழைய சிநேகிதன் பார்க்கலாமா. 'எனக்கு மட்டும்' என்று போட்டால்கூட, கடையை நடத்துகிறவர் அந்த 'எனக்கு' என்பதற்குள் உட்கார்ந்திருக்கிறார். அவரை நீக்கப் பட்டியலில் இடம் கிடையாது. வாட்ஸ்ஆப் செய்திகள் 2016 முதல் முழுக்கப் பூட்டப்பட்டே போகின்றன, நடுவில் அவர்களாலும் படிக்க முடியாது. ஆனால் யார், யாரோடு, எப்போது, எத்தனை தடவை என்ற தகவல் அந்தப் பூட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. எங்கள் தபால்காரர் உள்ளே இருந்ததைப் படித்தார், அடுத்த வீடு போவதற்குள் மறந்தார், எந்தக் கணக்கும் எழுதி வைக்கவில்லை. அவரை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாம். "மற்றவை நேரில்" என்று எழுதத் தெரிந்திருந்தோம். இப்போது நேரில் பார்த்தால் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை.

அக்கா மகள் கல்லூரிக்குப் போன பிறகு இன்ஸ்டாகிராமில் இரண்டு கணக்கு வைத்திருக்கிறாள். ஒன்று எங்களுக்கு: கோயில், பொங்கல், பாட்டியோடு ஒரு படம். மற்றதில் பச்சை வளையம் போட்ட 'நெருங்கிய நண்பர்கள்' மட்டும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று நாங்கள் நடித்துக்கொண்டிருக்கிறோம். "ஒனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?" என்று அக்காவிடம் கேட்டேன். "தெரியும்ல. நான் அவ போன எடுத்துப் பாக்க மாட்டேன்னும் அவளுக்குத் தெரியும்" என்றாள். எங்கள் வீட்டில் இதுவரை போடப்பட்டவற்றில் உருப்படியான அமைப்பு இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

இவ்வளவு தூரம் படித்தவர்கள் இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். ஃபேஸ்புக் அமைப்புகளுக்குள் பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறது. நாம் எல்லோரும் ரஷ்ய நாவல் படித்துக்கொண்டிருந்த காலத்துக்கு அது மிகவும் உதவும். அழுத்திவிட்டால் மொத்தமாகத் திரும்ப மாற்ற முடியாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஆகவே ஒரு தடவை படித்துச் சிரித்துவிட்டு அழுத்துங்கள். அப்படியே செல்போன் எண்ணும் பிறந்த தேதியும் யார் கண்ணில் படுகின்றன என்று பார்த்து மூடிவிடுங்கள், வங்கி மோசடிக்காரனுக்கு அவை இரண்டும் போதும். என் தேதியை நானும் மூடிவிட்டேன். எடுத்தவனுக்கும் பெரிய லாபம் இருந்திருக்காது: பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று தலைமை ஆசிரியர் போட்டுக்கொடுத்த தேதி அது. உண்மையான தேதி, அடைமழையில் ஒரு வெள்ளிக்கிழமை என்பதற்கு மேல், எங்கள் அம்மாவுக்கே தெரியாது.